டிரோனில் ஜூம் கேமராவைத் தரையிலிருந்து இயக்குவது: டர்பனில் ஒரு டிவி மெக்கானிக்கின் வழி

டிரோனில் ஜூம் கேமரா மாட்ட நினைப்பவர்கள் முதலில் கேட்பது எத்தனை மடங்கு இழுக்கும், அதாவது தூரத்தில் இருப்பதை எவ்வளவு அருகே காட்டும் என்பதுதான். பத்தா, பதினெட்டா, முப்பதா? என்னைக் கேட்டால் அதைக் கடைசியில் கேட்டால் போதும். கையை எடுத்தால் லென்ஸ் அதே இடத்தில் நிற்குமா என்று முதலில் கேளுங்கள். சிக்னல் போனால் தானாக விரிந்து, அகலப் படத்துக்குத் திரும்புமா என்று அடுத்துக் கேளுங்கள். இழுப்பதற்கு எந்த மோட்டாரும் போதும். நிறுத்துவதற்கும் திரும்ப விரிப்பதற்கும்தான் உட்கார்ந்து யோசிக்க வேண்டியிருக்கிறது.

நான் டர்பன் நகரின் சாட்ஸ்வொர்த்தில் டிவி, வீடியோ டெக், பிற்பாடு சிசிடிவி என்று பழுது பார்த்துப் பிழைத்தவன். அதனால் என் வழி பழைய வழி: சிசிடிவியில் இருந்து கழற்றிய பிளாக் கேமரா (லென்ஸும் ஜூம் மோட்டாரும் சேர்ந்து ஒரே கட்டியாக இருப்பது), ஆர்டுயினோ என்னும் சிறு நிரல் பலகை, தரையிலிருந்து வரும் சிக்னலை வாங்கத் தனியாக ஒரு ரிசீவர். என் தங்கை மகன் புதிய வழிக்காரன். கிம்பலோடு, அதாவது கேமராவை ஆடாமல் பிடிக்கும் மோட்டார் தாங்கியோடு, ஒட்டியே வரும் ஜூம் கேமராவை வாங்கி, ஒரே கேபிளில் டிரோனை ஓட்டும் பிக்ஸ்ஹாக் பலகையுடன் சேர்த்துவிடுகிறான். இரண்டையும் சொல்கிறேன். பழைய வழியைத்தான் விரிவாகச் சொல்வேன். அதில் உள்ளே நடப்பது கண்ணுக்குத் தெரியும். அது புரிந்துவிட்டால் புதியது பத்து நிமிட வேலை.

தென்னாப்பிரிக்காவில் பொழுதுபோக்காகப் பறக்கவிடுகிறவனுக்கு ஜூம் தேவைப்படுவதே சட்டத்தால்தான். 2015 ஜூலையில் நடைமுறைக்கு வந்த சிவில் விமான விதிகளின் 101ஆம் பகுதி இப்படிச் சொல்கிறது: எடை 7 கிலோவுக்குள், உயரம் தரையிலிருந்து 150 அடிக்குள், அதாவது சுமார் 46 மீட்டர். ஆட்களிடமிருந்து 50 மீட்டர் தள்ளி. விமானத் தளங்களிலிருந்து 10 கிலோமீட்டர் தள்ளி. பகலில், தெளிவான வானிலையில், கண்ணுக்கு நேரே தெரியும் தூரத்தில் மட்டும். நிலத்துக்காரரின் அனுமதியும் வேண்டும். இதிலிருந்து ஒரு காசு வந்தாலும், யாருக்காவது வியாபார லாபம் கிடைத்தாலும் அது பொழுதுபோக்குக் கணக்கில் வராது; உரிமமும் வேறு சட்டங்களும் உள்ள வேறு உலகம் அது. மச்சானின் கரும்புக் காட்டில் பூச்சி விழுந்திருக்கிறதா என்று பார்த்துத் தருவதுகூட அந்த உலகத்துப் பேச்சுதான், ஜாக்கிரதை.

பத்து கிலோமீட்டர் என்பது கேட்பதற்குச் சின்ன எண். வரைபடத்தில் காம்பஸை வைத்துப் பாருங்கள். கிங் ஷாகா விமான நிலையம் 2010இல் லா மெர்சியில் திறந்த பிறகு தொங்காட் முழுக்க அந்த வட்டத்துக்குள் போய்விட்டது. டர்பன் நார்த் பக்கம் வர்ஜீனியா விமான நிலையம் இருக்கிறது. சாட்ஸ்வொர்த்திலோ வீடும் மனிதருமாக 50 மீட்டர் காலி இடம் கிடைக்காது. அதனால் நாங்கள் பக்கியில், அதாவது பிக்கப் வண்டியில், பொருளை ஏற்றிக்கொண்டு வடக்கே, ஸ்டேங்கர் தாண்டி, டார்னல் பக்கம் போகிறோம். அங்கே கரும்புக்கு நடுவே ஒரு சிறிய மாரியம்மன் கோயில். கோயில் விமானத்தில், அதாவது கருவறைக் கோபுரத்தில், இருக்கும் சுதைச் சிலைகளையும் கலசத்தையும் குடும்ப ஆல்பத்துக்காகப் படம் எடுப்பதுதான் எங்கள் வேலை. கோயில் நிர்வாகத்தினரிடம் கேட்டுக்கொண்டு, பூசை இல்லாத வார நாள் காலையில் போவோம். தைப்பூசக் காவடி நாளில் பறக்கவிடச் சொல்லி ஆசைப்பட்டுக் கேட்பவர்கள் உண்டு. முடியாது. கூட்டத்தின் தலைக்கு மேலே சுழலும் விசிறிகளைக் கொண்டுபோவது சட்டத்துக்கு முன்னால் புத்திக்கே ஒவ்வாது.

பழைய சுதைக்கு அருகே டிரோனைக் கொண்டுபோவதும் எனக்குப் பிடிக்காது. இறக்கைக் காற்று பட்டாலே உரியும் நிலையில் சில சிலைகள் இருக்கின்றன. 60 மீட்டர் தள்ளி நின்றுகொண்டு இழுத்து எடுப்பதே மரியாதை.

இப்போது எண்கள். என்னிடம் இருப்பது சோனியின் எஃப்சிபி வரிசையில் 18 மடங்கு பிளாக் கேமரா. குவியத் தூரம் 4.1 மில்லிமீட்டரிலிருந்து 73.8 வரை. கிடைப் பார்வைக் கோணம் விரித்தால் 48 டிகிரி, முழுக்க இழுத்தால் 2.8 டிகிரி. 60 மீட்டரில் விரித்த படம் 53 மீட்டர் அகலத்தைக் காட்டும். இழுத்த படம் 3 மீட்டருக்கும் சற்றுக் குறைவாகக் காட்டும். ஒரு மீட்டர் கலசம் திரையில் மூன்றில் ஒரு பங்கு. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அதே கணக்கைத் திருப்பிப் போடுங்கள்: டிரோன் காற்றில் ஒரு மீட்டர் நகர்ந்தாலே கோணம் ஏறத்தாழ ஒரு டிகிரி மாறும். விரித்த படத்தில் அது யாருக்கும் தெரியாது. இழுத்த படத்தில் கலசம் திரையின் மூன்றில் ஒரு பங்கு தூரம் ஓடிவிடும். சாதாரண ஜிபிஎஸ் பிடித்து நிற்கும் டிரோன் ஒரு மீட்டர் அளவுக்கு மிதக்கத்தான் செய்யும். ஆக, ஜூம் கட்டுப்பாடு என்பது ஒரு லீவர் வேலை இல்லை. ஜூம், கேமராவின் பக்கவாட்டுத் திருப்பம், மேல்கீழ்ச் சாய்வு மூன்றும் ஒன்றையொன்று தெரிந்து நடக்க வேண்டும்.

முதலில் மேசை மேல். கேமராவை டிரோனில் மாட்டும் எண்ணத்தையே சில நாள் மறந்துவிடுங்கள். பிளாக் கேமராவுக்கு 6 முதல் 12 வோல்ட் வேண்டும். டிரோனின் நான்கு செல் லிப்போ பேட்டரி முழுக்க நிரம்பினால் 16.8 வோல்ட், நேரடியாகக் கொடுத்தால் கதை முடிந்தது. இடையில் ஒரு ஸ்டெப்டவுன் ரெகுலேட்டர் வைத்து 9 வோல்ட் கொடுங்கள். ஜூம் மோட்டார் ஓடத் தொடங்கும் நொடியில் மின்னோட்டம் எகிறும். ரெகுலேட்டர் தாராளமாக இருந்தால் படம் வெட்டாது. வீடியோ வெளியீட்டை ஒரு பழைய டிவியில் செருகிப் பாருங்கள். நம் ஊர் பால் (PAL) முறை டிவி எதுவாக இருந்தாலும் சரி. என் கொட்டகையில் அதற்குப் பஞ்சமே இல்லை.

இந்தக் கேமராக்கள் பேசும் மொழியின் பெயர் விஸ்கா. ஒரு சீரியல் கம்பி போக, ஒன்று வர, ஒன்று கிரவுண்ட். வேகம் விநாடிக்கு 9600 பிட், எட்டு பிட், பாரிட்டி இல்லை, ஒரு ஸ்டாப் பிட். உங்கள் கேமராவின் சீரியல் 5 வோல்ட் டிடிஎல் மட்டத்தில் இருக்கிறதா, ஆர்எஸ் 232 மட்டத்தில் இருக்கிறதா என்று மேனுவலில் பார்த்துக்கொள்ளுங்கள். டிடிஎல் என்றால் ஆர்டுயினோ நேனோவை நேராக இணைக்கலாம். ஆர்எஸ் 232 என்றால் நடுவே ஒரு மேக்ஸ் 232 சில்லு வேண்டும்.

கட்டளைகள் எல்லாம் சிறு சிறு பைட் கூட்டங்கள். பதினாறடிமான எண்ணில் எழுதுவதுதான் வழக்கம். நான் பதின்ம எண்ணாகவே தருகிறேன், நிரலில் அப்படியே போடலாம். ஒவ்வொரு கட்டளையும் 129இல் தொடங்கி 255இல் முடியும்.

மின்சாரம் வந்தவுடன் ஒரு முறை முகவரி கொடுக்க வேண்டும்: 136, 48, 1, 255. இது ஒன்றுக்குத்தான் தொடக்கம் வேறு.
இழுக்க: 129, 1, 4, 7, 2, 255.
விரிக்க: 129, 1, 4, 7, 3, 255.
நிறுத்த: 129, 1, 4, 7, 0, 255.
வேகத்தோடு இழுக்க, ஐந்தாவது பைட்டில் 32 முதல் 39 வரை. வேகத்தோடு விரிக்க, 48 முதல் 55 வரை. சிறிய எண் மெதுவானது.
எங்கே இருந்தாலும் முழு விரிவுக்குத் திரும்ப: 129, 1, 4, 71, 0, 0, 0, 0, 255.
டிஜிட்டல் ஜூமை அணைக்க: 129, 1, 4, 6, 3, 255.

கடைசிக் கட்டளையை மறக்கவே வேண்டாம். டிஜிட்டல் ஜூம் உண்மையில் ஜூம் கிடையாது, இருக்கிற படத்தைப் பெரிதாக்கிக் காட்டும் வித்தை. அந்த வேலையை வீட்டுக் கம்ப்யூட்டரில் சாவகாசமாகச் செய்யலாம். பறக்கும்போது அது ஆன் ஆகி இருந்தால், லென்ஸ் முடிவுக்கு வந்துவிட்டதா என்பதே தெரியாமல் இழுத்துக்கொண்டே போவீர்கள்.

மேலே இருப்பதில் ஆபத்தானது இழுக்கும் கட்டளை. ஒரு முறை அனுப்பினால் போதும், "நிறுத்து" என்று கேட்கும் வரை லென்ஸ் ஓடிக்கொண்டே இருக்கும். அந்த "நிறுத்து" வழியில் தொலைந்தால் கடைசி வரை போய் முட்டி நிற்கும். ஆகவே ஆர்டுயினோ நிரலை இப்படி எழுதுங்கள். தரையில் லீவர் நிற்கும் இடத்துக்கு ஏற்ப ரிசீவர் சேனலின் துடிப்பு 1000 முதல் 2000 மைக்ரோ விநாடி, நடு 1500. 1450க்கும் 1550க்கும் இடையே இருந்தால் கை லீவரில் இல்லை என்று பொருள். அந்த நடுப்பகுதிக்குள் நுழைந்ததும் நிறுத்தக் கட்டளையை ஒரு தடவை அனுப்பிவிட்டுச் சும்மா இருக்கக் கூடாது. சிறு இடைவெளி விட்டு மூன்று தடவை அனுப்புங்கள். அப்புறம் மௌனம். நடுப்பகுதிக்கு வெளியே போனால், எவ்வளவு தள்ளப்பட்டிருக்கிறதோ அதற்கேற்ப 0 முதல் 7 வரை வேகம். அந்த வேகப்படி மாறும்போது மட்டும் புதிய கட்டளை அனுப்ப வேண்டும்.

ஏன் மாறும்போது மட்டும்? 9600 வேகத்தில் ஆறு பைட் போய்ச்சேர 6 மில்லி விநாடிக்கு மேல் ஆகிறது. கேமரா அதை வாங்கிக்கொண்டேன் என்று பதில் வேறு அனுப்பும். ரிசீவரோ 20 மில்லி விநாடிக்கு ஒரு முறை துடிக்கிறது. ஒவ்வொரு துடிப்புக்கும் கட்டளை கொட்டினால் கேமராவில் கட்டளைகள் காத்திருக்கும் இடம் நிரம்பி, பிழைப் பதில் வரத் தொடங்கும். அந்த நெரிசலில் எது தொலையும் தெரியுமா? நீங்கள் அவசரமாக அனுப்பிய "நிறுத்து" தான்.

ரிசீவரிலிருந்து துடிப்பே அரை விநாடிக்கு வரவில்லை என்றால், முழு விரிவுக்குப் போகும் கட்டளை. இந்த ஒரு வரியைத்தான் நான் முதலில் சொன்ன இரண்டாவது கேள்விக்குப் பதிலாக வைத்திருக்கிறேன். ஆனால் பல ரிசீவர்கள் சிக்னல் போனாலும் துடிப்பை நிறுத்தாமல், கடைசியாக இருந்த நிலையையே பிடித்துக்கொண்டு அனுப்பும். அப்போது ஆர்டுயினோவுக்கு ஒன்றும் தெரியாது. ரிசீவரின் ஃபெயில்சேஃபை, அதாவது சிக்னல் போனால் என்ன செய்வது என்ற அமைப்பை, துடிப்பில்லாத முறைக்கு மாற்றுங்கள். அந்த வசதி இல்லை என்றால் ஜூம் சேனலின் ஃபெயில்சேஃபை விரிக்கும் பக்கத்து முனையில் பதிந்துவையுங்கள். பிறகு மேசை மேலேயே, லென்ஸ் இழுத்துக்கொண்டிருக்கும்போது டிரான்ஸ்மிட்டரை அணைத்துப் பாருங்கள். டிவியில் படம் விரிந்து வர வேண்டும். வராத கேமராவை மேலே அனுப்பாதீர்கள்.

நிரலில் இன்னொரு நுணுக்கம். கேமராவுக்கு ஆர்டுயினோவின் வன்பொருள் சீரியலையே, அதாவது 0, 1 எண் கால்களையே கொடுங்கள். மென்பொருள் சீரியலும் ரிசீவர் துடிப்பை அளக்கும் இன்டரப்டும் ஒன்றின் காலை ஒன்று மிதிக்கும். பைட் கெட்டுப்போகும். நிரலை ஏற்றும்போது மட்டும் அந்த இரண்டு கம்பிகளையும் கழற்றிவிட வேண்டும், அவ்வளவுதான் தொந்தரவு.

சரி, தரையில் எந்த லீவர்? சறுக்கும் பொத்தானையோ திருகும் குமிழையோ ஜூமுக்குக் கொடுக்கிறார்கள். எனக்கு ஒப்பவில்லை. அவை விட்ட இடத்தில் நிற்கும். கையை எடுத்த பிறகும் ஜூம் ஓடிக்கொண்டே இருக்கும் என்று அர்த்தம். மூன்று நிலைச் சுவிட்சிலும் அதே சிக்கல். ஸ்பிரிங் வைத்துத் தானாக நடுவுக்கு வரும் குச்சிதான் வேண்டும். எல்லா டிரான்ஸ்மிட்டரிலும் இரண்டு குச்சிகள் இருக்கின்றன, ஆனால் அவற்றால்தான் டிரோனை ஓட்டுகிறோம். அதனால் என் தீர்வு, கேமராவுக்கென்று இரண்டாவது டிரான்ஸ்மிட்டர், இரண்டாவது ரிசீவர். யாராவது புதிது வாங்கிக் கழித்துப் போட்ட ஆறு சேனல் பெட்டி ஒன்று போதும். 2.4 கிகாஹெர்ட்சில் அலைவரிசை தாவித் தாவிப் போகும் இன்றைய பெட்டிகள் பக்கத்தில் பக்கத்தில் இருந்தாலும் சண்டை போடுவதில்லை. ரிசீவர்களின் ஆன்டெனாக்களைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள், போதும். டிரோனை ஏற்றி இறக்கும் த்ராட்டில் குச்சியின் மேல்கீழ் அசைவுக்கு மட்டும் ஸ்பிரிங் இருக்காது. பெட்டியைத் திறந்தால் எதிர்ப்பக்கக் குச்சியில் இருப்பதுபோல இதற்கும் ஸ்பிரிங்கும் கையும் மாட்ட இடம் பெரும்பாலும் இருக்கும். இடது குச்சி மேல்கீழ் ஜூம், வலது குச்சி கிம்பல். குழந்தைகூடக் கற்றுக்கொள்ளும்.

தனியாளாகப் பறக்கவிடுபவர் என்றால், எட்ஜ்டிஎக்ஸ் மென்பொருள் ஓடும் பெட்டிகளில் தானாகத் திரும்பும் சுவிட்ச் ஒன்று இருக்கும், அதை விரிப்பதற்கு மட்டும் கொடுங்கள். இழுப்பதற்கு வேறு சுவிட்ச். ஆனால் தனியாள் ஜூம் வேலையை நான் ஊக்குவிக்க மாட்டேன். காரணம் பின்னால் வருகிறது.

கிம்பல் பக்கம் வருவோம். மூன்று அச்சு கிம்பல் இல்லாமல் 18 மடங்கு ஜூம் வீண். இரண்டு அச்சு போதும் என்பவர்கள் டிரோனின் மூக்கைத் திருப்பிக் குறிபார்க்கச் சொல்கிறார்கள், 2.8 டிகிரிப் படத்தில் அது நடக்கிற காரியம் இல்லை. 0.1 டிகிரி நடுக்கம் விரித்த படத்தில் 720 புள்ளி அகலத்தில் ஒன்றரைப் புள்ளி. இழுத்த படத்தில் 25 புள்ளிக்கும் மேல். ஆகவே புரொப்பெல்லர்களைச் சமன் செய்வதும், கேமராத் தட்டை மென்மையான ரப்பர் உருண்டைகளில் தொங்கவிடுவதும் ஜூமை வாங்குவதற்கு முன்னால் செய்ய வேண்டியவை. என் பழைய கேமராவில் ஒரு சௌகரியம், அதன் சென்சார் சிசிடி. வரி வரியாகப் படிக்கும் சீமாஸ் சென்சாரில் அதிர்வு வந்தால் படம் ஜெல்லிபோல் ஆடும். சிசிடியில் அந்த ஆட்டம் கிடையாது. மங்கல் மட்டும் வரும். அதற்கு ஷட்டரை 500இல் ஒரு பங்கு விநாடி அல்லது அதைவிட வேகமாகப் பிடித்துவையுங்கள். நம் காலை வெயிலில் வெளிச்சத்துக்கு என்ன குறை?

கிம்பல் திரும்பும் வேகத்தை ஜூமோடு கட்டிவைப்பதுதான் இந்த முழு வேலையின் உயிர்நாடி. சிம்பிள் பிஜிசி போன்ற கிம்பல் பலகைகளில் குச்சியை வேக முறையில் வைக்கலாம்: குச்சி எவ்வளவு சாய்கிறதோ அவ்வளவு வேகத்தில் திரும்பும், விட்டால் நிற்கும். என் கணக்கு இது: முழுக் குச்சிக்குப் படம் விநாடிக்குப் பாதித் திரை நகர வேண்டும், அதற்கு மேல் வேண்டாம். விரித்தபோது அது விநாடிக்கு 24 டிகிரி. இழுத்தபோது 1.4 டிகிரி. ஒரே வேகத்தை இரண்டுக்கும் வைத்தால் ஒன்று ஆமை, இன்னொன்று பைத்தியம். திரைக்கு வரும் படத்தின் தாமதத்தையும் சேர்த்துப் பாருங்கள். டிஜிட்டல் வீடியோவில் விநாடியில் ஏழில் ஒரு பங்கு தாமதம் வரலாம். விநாடிக்கு 10 டிகிரி வேகத்தில் திருப்பினால், கலசம் வந்துவிட்டது என்று நீங்கள் கையை எடுப்பதற்குள் அது திரையின் பாதியைத் தாண்டிப் போயிருக்கும். திரும்பப் பிடிக்க மறுபக்கம் தள்ளுவீர்கள், அங்கும் தாண்டும். அனலாக் வீடியோவில் தாமதம் மிகக் குறைவு. பழைய வழியை நான் இன்னும் விடாததற்கு அதுவும் ஒரு காரணம்.

இதை ஆர்டுயினோவே செய்யும். ஜூம் எங்கே இருக்கிறது என்று கேமராவைக் கேட்கலாம்: 129, 9, 4, 71, 255. பதிலில் நான்கு பைட்டுகள் நிலையைச் சொல்லும். ஆப்டிகல் ஜூமின் எல்லை 0 முதல் 16384 வரை. கிம்பலுக்குப் போகும் இரண்டு சேனல்களையும் ஆர்டுயினோ வழியாக விட்டு, இந்த நிலையை வைத்து 1500இலிருந்து விலகும் அளவைச் சுருக்கி அனுப்புங்கள். நிலைக்கும் கோணத்துக்கும் உள்ள உறவு நேர்க்கோடு கிடையாது. மேனுவலில் உள்ள ஜூம் அட்டவணையிலிருந்து எட்டு பத்து புள்ளிகளை எடுத்து நிரலில் பட்டியலாகப் போட்டு, இடைப்பட்டதைக் கணக்கிட வைத்தால் போதுமானது. விநாடிக்கு ஐந்து தடவை கேட்டாலே தாராளம்.

ஃபோகஸ் பற்றி. தானியங்கி ஃபோகஸ், பின்னால் வெறும் வானம் இருக்கும்போது தடுமாறும். முழுக்க இழுத்த நிலையில் முன்னும் பின்னும் அலைந்துகொண்டே இருக்கும். ஜூம் நகர்ந்த பிறகு மட்டும் ஃபோகஸ் செய்யும் முறை ஒன்று இருக்கிறது: 129, 1, 4, 87, 2, 255. நான் கேமரா தொடங்கும்போதே இதை அனுப்பிவிடுகிறேன். கலசத்துக்குப் பின்னால் வெள்ளை வானம் இருந்தால் கலசம் கரிக்கட்டையாகத் தெரியும். அதற்குப் பின்னொளி ஈடு: 129, 1, 4, 51, 2, 255. இரண்டாவது டிரான்ஸ்மிட்டரின் ஒரு சாதாரண சுவிட்சில் இதைக் கட்டிவைத்தால் மேலே இருக்கும்போதே போட்டு அணைக்கலாம்.

இனி மருமகனின் வழி. ஆர்டுபைலட் மென்பொருள் ஓடும் பிக்ஸ்ஹாக், சியி நிறுவனத்தின் இசட்ஆர்10 போன்ற, ஆப்டிகல் ஜூம் உள்ள கிம்பல் கேமரா. கேமராவின் சீரியல் கம்பிகளை பிக்ஸ்ஹாக்கின் டெலிமெட்ரி 2 சாக்கெட்டில் செருகி, மிஷன் பிளானர் என்னும் கம்ப்யூட்டர் மென்பொருளில் இவற்றை மாற்ற வேண்டும்: சீரியல்2 புரோட்டோகால் 8, வேகம் 115, மவுண்ட்1 வகை 8, கேமரா1 வகை 4. பிறகு மின்சாரத்தை அணைத்துப் போடுங்கள். டிரான்ஸ்மிட்டரின் சேனல்களுக்கு ஆப்ஷன் எண்கள்: ஜூமுக்கு 167, வீடியோப் பதிவுக்கு 166, கையால் ஃபோகஸ் செய்ய 168, தானியங்கி ஃபோகஸுக்கு 169, கிம்பல் மேல்கீழுக்கு 213, பக்கவாட்டுக்கு 214. ஜூம் சேனலில் கீழே விரிப்பு, நடுவில் நிறுத்தம், மேலே இழுப்பு. தரை நிலைய மென்பொருளிலிருந்து அனுப்புவதென்றால் மேவ்லிங்க் என்னும் டிரோன் மொழியின் 531ஆம் கட்டளை. அதில் வகை 1 என்றால் தொடர் ஜூம், வகை 2 என்றால் இத்தனை சதவீதம் என்று நேரே சொல்வது. வேலை செய்யவில்லை என்றால் பத்தில் ஒன்பது தடவை அனுப்பும் கம்பியும் வாங்கும் கம்பியும் மாறியிருக்கும், இல்லையென்றால் கிரவுண்ட் சேர்ந்திருக்காது. இழுத்துக்கொண்டிருக்கும்போது டிரான்ஸ்மிட்டரை அணைத்துப் பார்க்கும் சோதனை இதற்கும் உண்டு, புரொப்பெல்லர்களைக் கழற்றிவிட்டு. விலை அதிகம் என்பதால் இதற்கு மட்டும் விலக்குக் கொடுக்க முடியாது.

அவன் வழியில் நல்ல படம் கேமராவில் இருக்கும் கார்டிலேயே பதிவாகிறது. தரைக்கு வருவது குறி பார்க்கும் படம் மட்டுமே. எனக்கோ அனலாக் படம். ஒரு குட்டி ரெக்கார்டரை டிரோனிலேயே வைத்துப் பதிகிறேன். தரையில் பதிந்தால் சிக்னல் இரைச்சலும் சேர்ந்து பதியும்.

களத்தில் இரண்டு பேர். இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். ஓட்டுபவர் டிரோனை விட்டுக் கண்ணை எடுக்கக் கூடாது என்பது விதி. ஜூம் செய்பவரோ திரையை விட்டுக் கண்ணை எடுக்க முடியாது. ஒரே ஆள் இரண்டையும் செய்தால், மூன்று மீட்டர் அகலப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்து, தலையைத் தூக்கும்போது டிரோன் எந்தப் பக்கம் முகத்தை வைத்திருக்கிறது என்றே தெரியாது. எங்களில் நான் ஓட்டுவேன், மருமகன் கேமரா. பேச்சு மிகக் குறைவு. நான் "நிக்குது" என்றால் டிரோன் லாய்ட்டரில், அதாவது தானே ஒரே இடத்தில் நிற்கும் முறையில், நிலைகொண்டுவிட்டது, அவன் இழுக்கலாம். அவன் "விரிச்சாச்சு மாமா" என்று சொல்லும் வரை நான் இடம் மாற்ற மாட்டேன். இழுத்த நிலையில் டிரோன் நகர்ந்தால் கிம்பல் எல்லையில் முட்டிக்கொள்ளும், குறியும் தொலையும், மறுபடி தேடுவதில் பேட்டரி தீரும். தேட வேண்டும் என்றால் எப்போதும் முழுக்க விரித்துத் தேடி, நடுவில் கொண்டுவந்து, பாதி இழுத்து, மீண்டும் நடுவில் கொண்டுவந்து, அப்புறம் மீதி. ஒரேயடியாக இழுத்துவிட்டுக் கலசம் எங்கே என்று துழாவுவது, சாவித் துவாரம் வழியாகக் கல்யாணப் பந்தலில் ஆளைத் தேடுகிற மாதிரி.

உயரம் 20 மீட்டர் போதும், கோயில் விமானத்தின் உச்சிக்குச் சற்று மேலே. டிரோனின் மூக்கைக் காற்றுக்கு எதிரே வையுங்கள், பக்கவாட்டு உருட்டல் குறையும். சூரியன் முதுகுக்குப் பின்னால் இருக்கும் காலையில் கோயிலின் கிழக்கு முகம், அவ்வளவுதான் திட்டம். இந்தக் கரையில் பகல் ஏற ஏற வடகிழக்குக் கடற்காற்று எழும். பத்து மணிக்குப் பிறகு இழுத்த படம் எடுக்க உட்காருவது வீண். குளிர்காலக் கடைசியில் உள்நாட்டிலிருந்து சூடாக வீசும் பெர்க் காற்று இருந்தால் கிளம்பவே வேண்டாம். அது சட்டென்று தென்மேற்குக் காற்றாகத் திரும்பும், அப்போது டிரோன் கரும்புக்குள் போய்விட்டால், ஆளை மறைக்கும் உயரக் கரும்பில் அதைத் தேடுவது ஒரு முழு நாள் வேலை.

கரும்பு வெட்டும் பருவத்தில் எங்காவது தோகைக்குத் தீ வைத்திருப்பார்கள். கறுப்புச் சாம்பல் மிதந்து வந்து லென்ஸில் ஒட்டும். தீ எரியும் இடத்துக்கு மஞ்சள் அலகுப் பருந்துகளும் கூட்டமாக வரும், ஓடும் பூச்சிகளையும் எலிகளையும் பிடிக்க. ஆகஸ்டிலிருந்து மார்ச் வரை அவை இங்கே இருக்கும். பருந்து டிரோனை நோக்கி வந்தால் ஜூமை மறந்துவிட்டு இறக்குங்கள். வானம் அவற்றுடையது.

திரும்பி வந்ததும் கேமரா தன் இடத்துக்குப் போகும் முன் லென்ஸை முழுக்க விரித்து, பிறகே மின்சாரத்தை அணையுங்கள். அடுத்த முறை போடும்போது விரித்த நிலையிலிருந்தே தொடங்கும். கடற்கரை ஈரத்தில் லென்ஸ் வளையங்களுக்கு உள்ளே பூஞ்சை பிடிக்கும், சிசிடிவி காலத்திலிருந்து பார்த்துவருகிறேன். இறுக மூடும் டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள். அனலாக் வீடியோவில் ஒரு ஃபிரேமை நிழற்படமாக எடுக்கும்போது சிலையின் ஓரம் சீப்புப் பல்லாகத் தெரிந்தால் கேமரா கெட்டுவிடவில்லை, ஒன்றைவிட்டு ஒன்றாக வரும் இரண்டு பாதிப் படங்களுக்கு இடையே கிம்பல் நகர்ந்திருக்கிறது. எந்த வீடியோ மென்பொருளிலும் டீ-இன்டர்லேஸ் என்று ஒரு வசதி இருக்கும், அதைப் போட்டு எடுத்தால் அம்மன் தலைக்கு மேலே இருக்கும் நாகத்தின் படமெடுத்த தலைகூடத் தெளிவாகத் தெரியும்.